எடைக்கல்லுக்கு யார் முத்திரை குத்துவது?

2023 டிசம்பர் 8 அன்று இஸ்ரோ சில சூரியப் படங்களை வெளியிட்டது. ஆதித்யா எல்-1 விண்கலத்தில் இருக்கும் 'சூட்' என்ற தொலைநோக்கி, 200 முதல் 400 நானோமீட்டர் வரையிலான புற ஊதா ஒளியில் எடுத்த முழு வட்டப் படங்கள். இந்த மாதிரி ஒரு படம் வந்தால் நம் டைம்லைனில் வழக்கமாக இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று, "பாத்தியா, சாதிச்சுட்டோம்ல" என்று மார்தட்டும் குரல். இன்னொன்று கொஞ்சம் படித்த குரல். "இதெல்லாம் பொய் நிறம் பூசின படம்தானே. அறிவியலும் ஒரு கதையாடல்தான்" என்று உதட்டைப் பிதுக்கும். முதல் குரலைச் செய்தித்தாள்கள் வளர்க்கின்றன. இரண்டாவதை வளர்ப்பது, வேறு யார், நாம்தான். இலக்கிய உலகம்.

இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. மாலை போடுபவருக்கும் கேலி செய்பவருக்கும் பொதுவாக ஒரு விஷயம் இருக்கிறது. சூரியனுக்கும் அந்தப் படத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று இருவருமே கேட்பதில்லை. நடுவில் நடப்பதற்கு கேலிபரேஷன் என்று பெயர். தமிழில் அளவுத்திருத்தம் என்கிறார்கள். ஒரு கருவி காட்டும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம், எதோடு ஒப்பிட்டு நம்பலாம், எத்தனை நாளைக்கு நம்பலாம் என்று கண்டுபிடிக்கிற வேலை. போஸ்டரில் போட முடியாத வேலை. அறிவியல் என்று நாம் சொல்வதன் பெரும்பகுதி அதுதான் என்பது என் கட்சி. அதைப் பேசாமல் அறிவியலைக் கொண்டாடுவதும் வெறும் சத்தம், அதைத் தெரிந்துகொள்ளாமல் அறிவியலை விமர்சிப்பதும் வெறும் சத்தம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

*

சூரியனின் புற ஊதா ஒளியில் சுமார் 300 நானோமீட்டருக்குக் கீழே உள்ளது அநேகமாக எதுவும் தரைக்கு வந்து சேர்வதில்லை. ஓசோனும் ஆக்ஸிஜனும் மேலேயே விழுங்கிவிடுகின்றன. நாம் உயிரோடு இருப்பதற்கு அது ஒரு காரணம். ஆகவே அதை அளக்க வேண்டுமென்றால் மேலே போயாக வேண்டும்.

அளந்து என்ன ஆகப்போகிறது? சூரியனின் மொத்த வெளிச்சம் அதன் 11 வருடச் சுழற்சியில் வெறும் 0.1 சதவீதம் அளவுக்குத்தான் ஏறி இறங்குகிறது. ஆனால் புற ஊதாவில் கதை வேறு. 200 நானோமீட்டர் அருகே 6 முதல் 8 சதவீதம் மாறும். 121.6 நானோமீட்டரில் இருக்கும் லைமன் ஆல்ஃபா என்ற ஹைட்ரஜன் கோடு ஒன்றரை மடங்குக்கு மேலேயே ஏறும். 242 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளி ஆக்ஸிஜன் மூலக்கூறை உடைத்து ஓசோனை உண்டாக்குகிறது. அதற்குச் சற்று மேலே உள்ள ஒளி ஓசோனையே உடைக்கிறது. அதனால் புற ஊதா எவ்வளவு மாறுகிறது என்பதைத் தப்பாக அளந்தால் ஓசோனைப் பற்றியும் தப்பாகச் சொல்வோம், காற்றுமண்டலத்தின் வெப்பத்தைப் பற்றியும் தப்பாகச் சொல்வோம். கடைசியில் பூமி சூடாவதற்கு யார் காரணம் என்ற கேள்வி வரைக்கும் அந்தத் தப்பு வந்து நிற்கும்.

இப்போது அந்தக் கருவியின் பாட்டைப் பாருங்கள். விண்கலத்தில் பெயின்ட் இருக்கிறது, பசை இருக்கிறது, ஒயர்களுக்கு மேலே உறை இருக்கிறது. வெற்றிடத்தில் இவை எல்லாமே மெல்ல மெல்லக் கரிம மூலக்கூறுகளைக் கசியவிடும். அவை போய்க் கண்ணாடியிலும் வடிகட்டியிலும் படியும். அதன் மேல் சூரியனின் புற ஊதா அடிக்கும்போது அந்தப் படலம் இறுகிக் கறுத்து ஒட்டிக்கொள்ளும். துடைக்க ஆள் கிடையாது. அந்தப் படலம் முதலில் விழுங்குவதும் நாம் அளக்க வந்த அதே புற ஊதாவைத்தான். எதை அளக்கப் போனதோ அதுவே கருவியைக் குருடாக்குகிறது.

2009 நவம்பரில் ஐரோப்பியர்கள் அனுப்பிய ப்ரோபா-2 செயற்கைக்கோளில் லைரா என்று ஒரு கருவி. வைரத்தில் செய்த உணரிகள் கொண்டது. தினமும் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்த அதன் ஓர் அலகு, சில புற ஊதா அலைவரிசைகளில் சீக்கிரமே உணர்திறனின் பெரும்பகுதியை இழந்துவிட்டது. அதிர்ஷ்டவசமாக உள்ளே மூன்று அலகுகள் வைத்திருந்தார்கள். ஒன்றை எப்போதாவது மட்டும் திறந்து பார்ப்பதற்காகப் பொத்திப் பாதுகாத்திருந்தார்கள்.

ஆக, பிரச்சினை இதுதான். 11 வருடத்தில் சில சதவீதம் மாறும் ஒன்றை, அதே காலத்தில் அதைவிடப் பல மடங்கு மங்கிப்போகும் கருவியால் அளக்க வேண்டும். கற்பூரத்தை எடைக்கல்லாக வைத்துத் தங்கம் நிறுப்பது மாதிரி. தட்டு சாய்ந்தால் தங்கம் கூடியதா, கற்பூரம் கரைந்ததா?

*

கடைத்தெருத் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை முத்திரை குத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதிகாரி தன்னிடம் இருக்கும் கல்லோடு கடைக்காரரின் கல்லை ஒப்பிடுவார். அதிகாரியின் கல்லை ஒப்பிட அதற்கு மேலே ஒரு கல் இருக்கும். விண்வெளிக்குப் போன கல்லைக் கீழே கொண்டுவர முடியாது, முத்திரை குத்துபவரும் அங்கே போக முடியாது. அப்புறம் எப்படி? நான் கேள்விப்பட்ட மனித சாமர்த்தியங்களில் மிக அழகான சில இந்த இடத்தில்தான் இருக்கின்றன.

முதல் வழி, ஏவுவதற்கு முன்னால். அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் கெய்தர்ஸ்பர்க் என்ற ஊரில், அந்த நாட்டின் அளவைத்தர நிறுவனமான நிஸ்ட்டில், 'சர்ஃப்' என்று ஓர் எலக்ட்ரான் வளையம் இருக்கிறது. எலக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் காந்தப்புலத்தில் வளைந்து ஓடும்போது ஒளியை உமிழ்கின்றன. எலக்ட்ரானின் ஆற்றல், காந்தப்புலம், ஓடும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை ஆகியவை தெரிந்தால் எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி வரும் என்பதைக் கணக்கிலேயே சொல்லிவிடலாம். 1949இல் ஜூலியன் ஷ்விங்கர் போட்டுக் கொடுத்த கணக்கு அது. எந்த விளக்கு கம்பெனியின் வாக்குறுதியையும் நம்ப வேண்டியதில்லை. கருவியை அந்த வெளிச்சத்தின் முன்னால் நிறுத்தி 'இது இவ்வளவு' என்று சொல்லிக்கொடுத்து மேலே அனுப்புகிறார்கள்.

இரண்டாவது வழி, இரட்டையர். ஒரே மாதிரி இரண்டு கருவிகள். ஒன்று தினம் சூரியனைப் பார்க்கும், மற்றது எப்போதாவது. இரண்டுக்கும் வித்தியாசம் கூடக்கூட, முதலாவது எவ்வளவு மங்கியது என்று தெரியும். 1991 செப்டம்பரில் போன யுஏஆர்எஸ் செயற்கைக்கோளில் இருந்த 'சூசிம்' இதோடு நிற்காமல் டியூட்டீரியம் விளக்குகளையும் கூடவே எடுத்துக்கொண்டு போனது. வீட்டுக் கல்லைக் கையோடு கொண்டுபோன மாதிரி.

மூன்றாவது வழி எனக்கு மிகப் பிடித்தது. அதே யுஏஆர்எஸ்-ஸில் 'சால்ஸ்டிஸ்' என்று இன்னொரு கருவி. கொலராடோ பல்கலைக்கழக ஆய்வகம் செய்தது. பகலில் சூரியனைப் பார்க்கும். பூமியின் நிழலுக்குள் போனதும் அதே கண்ணாடிகளால், அதே உணரியால், நீல நிறச் சூடான நட்சத்திரங்களைப் பார்க்கும். இந்த நட்சத்திரங்களின் வெளிச்சம் மனிதக் கணக்கில் அநேகமாக மாறாதது. சூரியனுக்கும் அவற்றுக்கும் பிரகாசத்தில் பல கோடி மடங்கு வித்தியாசம். அதைச் சமாளிக்க நுழைவுத் துளையை மாற்றுவார்கள், பார்க்கும் நேரத்தை நீட்டுவார்கள். நட்சத்திரம் மங்கலாகத் தெரிந்தால், மங்கியது கருவி. ஒரு நட்சத்திரத்தை மட்டும் நம்பாமல் ஒரு கூட்டத்தையே வைத்துக்கொண்டார்கள், ஒன்று ஏமாற்றினால் மற்றவை காட்டிக்கொடுக்கும் என்று. இன்னும் பல நூறு வருடம் கழித்து வேறு ஒரு கருவியோடு வருகிறவர்கள்கூட அதே நட்சத்திரங்களைப் பார்த்து நம் காலத்துச் சூரியனோடு அவர்கள் காலத்துச் சூரியனை ஒப்பிடலாம்.

நான்காவது, ராக்கெட். 2010 பிப்ரவரியில் போன எஸ்டிஓ விண்கலத்தின் 'ஈவ்' கருவிக்கு, அதன் நகல் ஒன்றைத் தரையில் வைத்திருக்கிறார்கள். சர்ஃப் வளையத்தில் அதைச் சரிபார்த்து, நியூ மெக்ஸிகோ பாலைவனத்திலிருந்து ஒரு சின்ன ராக்கெட்டில் மேலே அனுப்புவார்கள். சில நிமிடங்கள்தான், மேலே இருக்கும் கருவியும் நகலும் ஒரே சூரியனை ஒரே நேரத்தில் பார்க்கும். நகல் பாராசூட்டில் இறங்கியதும் எடுத்துவந்து மறுபடி சரிபார்ப்பார்கள். சில நிமிட ஒப்பீட்டுக்காக ஒரு ராக்கெட்! இதைக் கேட்டு "இவ்வளவு செலவா?" என்று கேட்பவர், மங்கிப்போன கருவியின் பத்து வருட எண்களுக்கு என்ன விலை என்றும் யோசிக்க வேண்டும்.

*

இப்போது கதையாடல்காரர்களிடம் வருகிறேன். அவர்களுடைய வாதம் எனக்குத் தெரியும். "விஞ்ஞானிகளே எண்களை மாத்திக்கிட்டே இருக்காங்க. இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. அதிகாரம் எதைச் சொல்லச் சொல்லுதோ அதைச் சொல்றாங்க." இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். இரண்டும் அவர்கள் கட்சிக்குச் சாதகமாகத்தான் முதலில் தெரியும்.

ஒன்று. 1978 அக்டோபரில் ஏவிய நிம்பஸ்-7 செயற்கைக்கோள். பூமியிலிருந்து திரும்பி வரும் புற ஊதாவைச் சூரியனிலிருந்து நேரே வரும் புற ஊதாவோடு ஒப்பிட்டு ஓசோனை அளந்தது. சூரியனை நேராகப் பார்க்க முடியாது என்பதால் ஓர் அலுமினியத் தகட்டில் பட்டுச் சிதறும் ஒளியைப் பார்த்தது. அந்தத் தகடு வெயிலில் மெல்லக் கறுத்தது. கறுத்ததை முழுசாகக் கணக்கில் எடுக்காததால் உலகம் முழுக்க ஓசோன் உள்ளதைவிட வேகமாகக் குறைவது போல எண்கள் வந்தன. ஓசோனைக் காப்பாற்ற 1987 செப்டம்பரில் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தான காலம். பயமுறுத்தும் எண்தான் வசதியான எண். சுற்றுச்சூழல்காரர்களுக்கும் வசதி, ஆய்வுக்குப் பணம் கேட்பவர்களுக்கும் வசதி. ஆனால் 1988இல் ஓசோன் போக்குகளை ஆராய்ந்த பன்னாட்டு வல்லுநர் குழு, அந்தச் செயற்கைக்கோள் எண்களை அப்படியே ஏற்க முடியாது, தகடு கறுத்தது காரணம் என்று சொன்னது. தங்கள் தரப்பின் பெரிய எண்ணைத் தாங்களே வெட்டினார்கள். தரையில் இருந்த டாப்சன் கருவிகளின் நீண்ட பதிவுகளை எடுத்து, அவற்றையும் தனித்தனியாகச் சலித்தார்கள். மிஞ்சியது சிறிய எண். ஆனால் அசைக்க முடியாத எண். ஓசோன் நிஜமாகவே குறைந்துகொண்டிருந்தது. அந்தக் குழுவின் முடிவு 1988 மார்ச்சில் வெளியானது. அதே மாதம், அதுவரை முரண்டுபிடித்த டூபாண்ட் நிறுவனம் குளோரோபுளோரோகார்பன் தயாரிப்பைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. சாய்ந்தது பெரிய எண்ணுக்கு அல்ல, சலித்து மிஞ்சிய எண்ணுக்கு.

அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? மேலே இருக்கும் கருவிகளைச் சரிபார்ப்பதற்கென்றே அதே வகைக் கருவி ஒன்றை விண்வெளி ஓடத்தில் ஏற்றி, 1989 முதல் 1996 வரை எட்டு முறை மேலே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தார்கள். முத்திரை அதிகாரி கடைசியில் விண்வெளிக்கே போனார்.

இரண்டு. 2003 ஜனவரியில் போன சோர்ஸ் செயற்கைக்கோளில் 'சிம்' என்ற நிறமாலைமானி. அதன் எண்களை வைத்து லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜோவன்னா ஹே உள்ளிட்டோர் 2010இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2004 முதல் 2007 வரை, சூரியச் செயல்பாடு குறைந்துகொண்டிருந்தபோது, புற ஊதா நாம் எதிர்பார்த்ததைவிட 4 முதல் 6 மடங்கு அதிகமாகக் குறைந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியோ கூடியது! இது சரியென்றால் சூரியன் அடங்கும்போது பூமியின் தரைப்பகுதி லேசாகச் சூடாக வேண்டும். அதுவரை போட்ட கணக்கே தலைகீழ். கட்டுரை எழுதியவர்கள் நிதானமாகத்தான் எழுதினார்கள், குறுகிய காலத்துத் தரவு, இன்னும் உறுதிப்பட வேண்டும் என்று. ஆனால் காலநிலை மாற்றத்துக்கும் மனிதனுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்பவர்களுக்கு 'பார், சூரியனைப் பற்றியே இவர்களுக்குத் தெரியவில்லை' என்பது போதும்.

அடுத்த சில வருடங்களில் நடந்ததுதான் முக்கியம். ஜூடித் லீன், மேத்யூ டிலாண்ட் போன்றவர்கள் அந்த எண்களைப் பழைய செயற்கைக்கோள்களின் எண்களோடு ஒப்பிட்டார்கள். முந்தைய சுழற்சிகள் எதிலும் இப்படி ஒரு சரிவு இல்லை. சூரியன் மறுபடி விழித்து மேலே ஏறத் தொடங்கியபோதும் அந்தச் சரிவுக்கு ஈடான ஏற்றம் ஒழுங்காக வரவில்லை. அப்படியானால் இறங்கியதில் பெரும்பங்கு சூரியன் அல்ல, முழுசாகத் திருத்தப்படாத கருவியின் மங்கல் என்றார்கள். கருவியைச் செய்தவர்களும் சும்மா இருக்கவில்லை. திருத்த முறைகளை மாற்றினார்கள், பதிப்பு எண் போட்டுத் தரவைத் திரும்பத் திரும்ப வெளியிட்டார்கள். பின்னால் வந்த பதிப்புகளில் முரண் வெகுவாகக் குறைந்தது.

அவற்றில் ஒரு முறைக்கு ஆதாரம், சூரியன் ஒரே அளவு செயல்பாட்டில் இருக்கும் இரண்டு நாட்களில் ஒளியும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்ற அனுமானம். "மாட்டிக்கிட்டாங்க பாத்தீங்களா, எதிர்பார்ப்பை வெச்சுத்தானே அளவைத் திருத்துறாங்க" என்று நம் நண்பர் குதிப்பார். நல்ல கேள்விதான். ஆனால் அதற்குப் பதில், எதிர்பார்ப்பைச் சாராத இன்னொரு அளவை எடுப்பது. சிம்மின் அடுத்த தலைமுறைக் கருவியை நிஸ்ட் லேசர்களைக் கொண்டு இன்னும் கறாராகச் சரிபார்த்து, இரட்டையருக்குப் பதில் மூன்று தடங்கள் வைத்து, 2017 டிசம்பரில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பினார்கள். 2018 முதல் அது அளந்துகொண்டிருந்தது. 2020 பிப்ரவரியில் சோர்ஸை அணைக்கும் முன்னால், இரண்டும் ஒரே சூரியனை ஏறக்குறைய இரண்டு வருடம் சேர்ந்து பார்த்தன.

எண் மாறியது உண்மை. யார் மாற்றினார்கள், எதைக் காட்டி, எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது? இந்தக் கேள்விகளைக் கேட்காமல் "எல்லாமே கட்டமைப்பு" என்று சொல்வது சோம்பேறித்தனம். சந்தேகப்படுவது நம் தொழில் என்று எழுத்தாளர்கள் சொல்லிக்கொள்கிறோம். தன் கருவி எப்படியெல்லாம் பொய் சொல்லும் என்று ஏவுவதற்கு முன்னாலேயே பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் சாட்சி வைக்கிற ஆளுக்கு முன்னால் நம் சந்தேகம் எந்த மூலைக்கு?

*

மாலை போடுகிறவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. ஆதித்யா எல்-1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். அதில் பெருமைப்படுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பியது. சூட் தொலைநோக்கி இயக்கப்பட்டது நவம்பர் 20. நடுவில் இரண்டரை மாதம். ஏன் என்று நம் ஊடகங்களில் எத்தனை பேர் கேட்டார்கள்? கலத்திலிருந்து வாயுக்கள் கசிந்து அடங்கும் முன் ஒரு புற ஊதாக் கண்ணாடியைத் திறந்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். புனேவில் உள்ள ஐயூகாவின் தலைமையில் செய்த அந்தத் தொலைநோக்கிக்குள், உணரியை அவ்வப்போது சோதிக்க 255, 355 நானோமீட்டர் எல்இடி விளக்குகள் இருக்கின்றன. அந்த விளக்குகளை ஏற்றி அணைத்து, உணரியின் எந்த மூலை சோர்ந்துபோகிறது என்று வாரக்கணக்கில் பார்க்கும் இளம் ஆய்வாளருக்கு எந்த மேடையில் சால்வை போர்த்துகிறோம்? ஏவும் நாளில் நாலு பக்கம், அப்புறம் மௌனம். இந்த மௌனத்துக்கு ஒரு விளைவு உண்டு. மக்கள் எதைக் கொண்டாடுகிறார்களோ அதற்குத்தான் பணம் போகும். அளவுத்திருத்தத்துக்கு நேரமும் ஆளும் கேட்கிறவர், பட்ஜெட் இறுகும்போது முதலில் வெட்டுப்படுவார்.

அப்படி வெட்டினால் என்ன இழப்போம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904இலிருந்து கால்சியம் கே என்ற கோட்டில், அதாவது 393 நானோமீட்டரில், ஊதாவின் விளிம்பில், சூரியனைப் படம் எடுத்தார்கள். 2007 வரை தொடர்ந்த வேலை. செயற்கைக்கோள் இல்லாத காலத்தில் சூரியனின் புற ஊதா எப்படி ஏறி இறங்கியது என்று ஊகிக்க இன்று உலகம் நாடும் பொக்கிஷங்களில் அதுவும் ஒன்று. பக்கத்திலேயே ஒரு சிக்கலும் உண்டு. புகைப்படத் தகட்டின் கறுப்பு எவ்வளவு ஒளிக்குச் சமம் என்று சொல்ல, தகட்டிலேயே ஓர் ஒப்பீட்டுப் பட்டை பதிந்திருக்க வேண்டும். உலகின் பல ஆய்வகங்களின் பெரும்பாலான பழைய தகடுகளில் அது இல்லை. அன்றைக்கு அது யாருக்கும் அவசியமாகப் படவில்லை, புள்ளிகளின் வடிவம் தெரிந்தால் போதும் என்று இருந்தார்கள். நூறு வருடம் கழித்து ஆய்வாளர்கள் அந்தத் தகடுகளை ஸ்கேன் செய்து, சூரியனின் அமைதியான பகுதிகளையே அளவுகோலாக வைத்து, ஒவ்வொரு தகடாகத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

படம் எடுப்பது மட்டும் போதாது என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? படத்தோடு அதை நம்புவதற்கான வழியையும் சேர்த்து விட்டுப்போக வேண்டும். இல்லையென்றால் வரும் தலைமுறைக்கு நாம் கொடுப்பது அழகான ஆல்பம்.

அடுத்த முறை சூரியப் படம் ஒன்று உங்கள் திரைக்கு வரும்போது ஷேர் செய்யுங்கள், தப்பில்லை. கூடவே மூன்று கேள்விகளையும் சேர்த்துப் போடுங்கள். ஏவும் முன் எந்த வெளிச்சத்தோடு ஒப்பிட்டார்கள்? மேலே போன பிறகு அது மங்குவதை எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள்? தரவின் எத்தனையாவது பதிப்பு இது, போன பதிப்பில் என்ன தப்பு இருந்தது? பதில் தெரிந்த ஆட்கள் இந்தியாவிலும் இருக்கிறார்கள். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. ஒரு பத்திரிகையாவது அந்தப் பதில்களைத் தமிழில் நாலு பக்கம் போடட்டும்.